ஆட்சேபணை உள்ளவர்கள்

பாலத்துக் கட்டையில உக்காருங்க தாயி. யோசிக்காதீக, நல்ல கட்டைதான். அந்தா நிக்கிற கல்லுல மட்டும் உக்காந்துராதீக, அது சர்வே கல்லு. தாசில்தாரே உக்காந்தாலும் எந்திரிக்கச் சொல்லிருவேன். பஸ்ஸு மூணே காலுக்கு. இப்ப ரெண்டரை. குடைய விரிச்சுக்கங்க. கார்த்திகை மாசம்னுதான் பேரு, எங்க பக்கத்து வெயிலுக்கு மாசம் தெரியாது.

ஊருக்குள்ள வச்சு நீங்க ஒரு கேள்வி கேட்டீக. "இங்கு மனிதர்களே இல்லையே ஐயா, பிறகு எப்படி இது கிராமம்?" அப்புடீன்னு. நான் பதில் சொல்லாம விறுவிறுன்னு முன்னாடி நடந்தேன். பெரியவரு கோவிச்சுக்கிட்டாரோன்னு நெனச்சிருப்பீக. ஆமா, கோவந்தான். சீனாவுலருந்து இம்புட்டு தூரம் வந்து, எங்க தமிழை கெஜட்டுல எழுதுற மாதிரி சுத்தமாப் படிச்சு, முகிலரசின்னு தமிழ்ப் பேரும் வச்சுக்கிட்டு, கடைசியில எங்க ஆர்.டி.ஓ. கேட்ட அதே கேள்விய நீங்களும் கேட்டா எனக்கு எப்படி இருக்கும்?

சரி. இப்பச் சொல்றேன். கருக்கனேந்தல்ங்கிற இந்த ஊரை முடிச்சுக் கட்டுனது மழையில்ல. அரசாங்கமும் இல்ல. என் வீட்டுக்காரி இருளாயி. ஒரே ஒரு வார்த்தையில முடிச்சுப்புட்டா. அதுவும் ஆபீசர் முன்னாடி, பொய்யிச் சத்தியம்.

சிரிக்காதீக. நெசமாத்தான் சொல்றேன்.

என் பேரு பூவலிங்கம். இந்த ஊருத் தலையாரி. இப்ப கிராம உதவியாளர்னு பேரை மாத்திட்டாக, வேலை அதே வேலைதான். முப்பத்தோரு வருச சர்வீஸ். மாவட்டத்துக்குக் கலெக்டர், கோட்டத்துக்கு ஆர்.டி.ஓ., தாலுகாவுக்குத் தாசில்தார், கிராமத்துக்கு வீ.ஏ.ஓ. வீ.ஏ.ஓ.வுக்குக் கீழ நான். எனக்குக் கீழ யாருன்னா, தரைதான். அரசாங்கம்ங்கிறது மேலருந்து பேசிக்கிட்டே வரும் தாயி, ஆனா கடைசியில ஒருத்தன் போயிக் கதவத் தட்டணும்ல? அந்த ஒருத்தன் நான்.

காலையில டீக்கடையில உங்க நாட்டுக் கதைய நீங்க சொன்னப்ப நான் பராக்குப் பாக்குற மாதிரி இருந்தேன். எல்லாத்தையும் கேட்டேன். உங்க நாட்டுல தானா உண்டான ஊரு வேற, சர்க்கார் கணக்குல வர்ற கிராமம் வேறன்னீக. அஞ்சாறு குட்டி ஊரைச் சேத்து ஒரு கிராமமாக்கி, அதுக்கு ஒரு கமிட்டி, ஒரு தலைவரு, கட்சிக்குன்னு ஒரு செயலாளரு, வட்டமா ஒரு செவப்பு முத்திரை. அதுல எனக்கு ரெம்பப் புடிச்சது ஒண்ணு இருக்கு. சட்டப்படி பாத்தா கிராமம் அரசாங்கமே இல்லையாம்ல? அரசாங்கம் அதுக்கு மேல இருக்குற டவுனோட முடிஞ்சு போகுமாம். ஆனா குடும்பக் கணக்கு, சண்டை சச்சரவு, நெலம், தண்ணி, சகலமும் கிராமத்துத் தலையில. அத நீங்க சொன்னப்ப எனக்கு டீ பொரையேறிப் போச்சு. இதேதான் தாயி என் பொழப்பும். எட்டாயிரம் மைலுக்கு அங்கிட்டும் இதே கூத்துத்தானா!

மைலு கூடக் குறைய இருக்கும். விடுங்க.

இப்ப உங்க கேள்வி. கிராமம்னா ஆளு இல்ல தாயி. எல்லை. நாலு பக்கமும் கல்லு. அந்தக் கல்லுக்கு ஒரு படம், படத்துக்கு ஒரு நம்பரு. எங்க நம்பரு நாப்பத்தேழு. ஜமாபந்தின்னு வருசத்துக்கு ஒருக்கா தாலுகா ஆபீசுல எல்லாக் கிராமத்து ரெக்காடையும் வரிசையாக் கூப்புட்டுப் பாப்பாக. "நாப்பத்தேழு, கருக்கனேந்தல்!"னு கூப்புடுவாக. நான் ரெக்காடு மூட்டைய எடுத்துக்கிட்டுப் போயி நிப்பேன். மத்த ஊருத் தலையாரிக்குப் பின்னாடி மனு குடுக்க நூறு சனம் நிக்கும். என் பின்னாடி யாரும் நிக்க மாட்டாக. ஆனா பேரு கூப்புட்டாகளா இல்லையா? கூப்புட்டாக. அப்ப ஊரு இருக்கு.

இங்க பதினேழு வீடு இருந்துச்சு. பெரிய சொர்க்கபுரின்னு நெனச்சுராதீக. தண்ணிக்குச் சண்டை, வரப்புக்குச் சண்டை, ஒருத்தன் வீட்டு நல்லது கெட்டதுக்கு இன்னொருத்தன் போக மாட்டான். கம்மாய் வத்துச்சு. ரெண்டு மைல்ல வேலாங்குறிச்சி. அங்கன ரோடு, பைப்பு, பள்ளிக்கூடம், ரேசன் கடை எல்லாம் வந்துச்சு. ஒவ்வொருத்தனாப் போனான். போனவன் எவனும் திரும்பிப் பாக்கல. எனக்கும் அவனுகளப் பத்தி ஒரு வருத்தமும் இல்ல. ஆளு போகும் வரும். ஊரு போகாதுன்னு நெனச்சேன்.

இருளாயியும் போனா. பதினோரு வருசமாச்சு. மக அப்ப ஆறாவது. தெனம் ரெண்டு மைலு கருவக்காட்டு வழியா ஒத்தையில பொம்பளப் புள்ள போகணும். "வாங்க, நாமளும் போயிருவோம்"னா. நான் சொன்னேன், தலையாரி அவன் கிராமத்துலதான் குடியிருக்கணும், அது ரூலுன்னேன். நெசமாவே ரூலு அதுதான். நானா உண்டாக்குனது இல்ல. அவ ஒரு மாசம் கேட்டுக் கேட்டுப் பாத்தா. பெறகு ஒரு நா வெள்ளனா எந்திரிச்சு, ரெண்டு டிரங்குப் பெட்டி, ஆட்டுக்கல்லு, புள்ள புத்தகப்பை எல்லாத்தையும் மாட்டு வண்டியில ஏத்துனா. ஏத்திட்டு, "ரூலு ஒங்களுக்கு சோறாக்கிப் போடுதான்னு பாப்போம்"னு சொன்னா. சொல்லிட்டுப் போயிட்டா.

நான் தடுக்கல. ரெண்டு மைலுதானே. எப்ப வேணும்னாலும் போகலாம், வரலாம்னு இருந்தேன். ரெண்டு மைலு இருக்கே தாயி, அது ஒரு மோசமான தூரம். சீனா மாதிரி இருந்தா இன்ன தேதிக்குப் போறேன்னு டிக்கட்டுப் போடலாம். ரெண்டு மைலுக்கு யாரு டிக்கட்டுப் போடுவா? நாளைக்குப் போவோம்னு இருக்கும். நாளைக்கும் அப்படித்தான் இருக்கும்.

போயி ரெண்டு மாசத்துல சொல்லிவிட்டா, ரேசன் கார்டை இங்கிட்டு மாத்தித் தாங்க, அரிசி தர மாட்டேங்கிறான்னு. மாத்திக் குடுத்தேன். கார்டுல மூணு பேரு. மூணையும் சேத்துத்தான் மாத்துனேன். என் பேரை மட்டும் பிரிச்சா அது தனி மனு, நாலஞ்சு மாசம் இழுத்தடிப்பான், அதுவரைக்கும் புள்ளைக்கு அரிசி நிக்கும். கார்டு மாத்துறதுக்கு ஒரு விசாரணை ரிப்போர்ட்டு எழுதணும். தலையாரி நேர்ல போயிப் பாத்து, "மேற்படி மூன்று நபர்களும் வேலாங்குறிச்சி கதவு எண் 3/41-இல் குடியிருப்பது உண்மை"ன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். நாந்தானே தலையாரி? போட்டேன். அதை வச்சு ஓட்டர் லிஸ்டுலயும் தானா மாத்திட்டாக. அரிசிக்காகச் செஞ்ச காரியம். அப்புறம் நான் அதைப் பத்தி நெனைக்கவே இல்ல. இத மனசுல வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

அதுக்கப்புறம் ஊர்ல ரெண்டு பேரு. நானும் கோட்டைச்சாமிங்கிற ஒரு பெரியவரும். கிழக்க ஒரு கொட்டகை போட்டு ஆடு வச்சிருந்தாரு. அவரு பேச மாட்டாரு, நானும் பேச மாட்டேன். ஆனா சாயங்காலம் அவரு ஆட்டை அதட்டுற சத்தம் கேக்கும். அது கேட்டதுக்கப்புறந்தான் நான் உலை வைப்பேன்.

ஒரு நா வந்தாரு. முதியோர் பென்சனுக்கு எழுதணும், இந்த ஊர்ல இருக்கேன்னு ஒரு சர்டிபிகேட்டு வேணும்னாரு. ரெக்காடை எடுத்துப் பாத்தேன். அவரு பேரு மகன் கூட அருப்புக்கோட்டையில இருக்கு. "ஒமக்கு இங்க குடியிருப்பு இல்லையே"ன்னேன். "அடேய், ஆறு வருசமா ஒன் கண்ணு முன்னாடிதானடா கெடக்கேன்"னாரு. நான் சொன்னேன், "நீரு நேர்ல இருக்கலாம். காயிதத்துல இல்லையே. காயிதத்துல இல்லைன்னா ஊர்ல இல்ல"ன்னேன். சட்டப்படி நான் சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. வீ.ஏ.ஓ. கூட, "பூவலிங்கண்ணே, நீங்க மட்டும் இல்லைன்னா இந்த ஆபீசு நாறிப் போகும்"னு சொல்லுவாக. பெரியவரு என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாரு. மறுவாரம் ஆட்டை ஓட்டிக்கிட்டு மகன்கிட்டப் போயிட்டாரு.

சாயங்காலத்துல சத்தம் இல்லாமப் போச்சு. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? உலை வைக்கிறதுக்குத்தான் நேரம் தெரியாமப் போயிருச்சு, கொஞ்ச நாளைக்கு.

இந்தத் தை மாசம் உத்தரவு வந்துச்சு. குடியிருப்பு இல்லாத கிராமங்களைப் பக்கத்துக் கிராமத்தோட இணைக்கிறதுன்னு. உங்க அப்பா ஊரைப் பக்கத்து ஊரோட இணைச்சாகன்னு டீக்கடையில சொன்னீகள்ல, அதே மாதிரி. கருக்கனேந்தலை வேலாங்குறிச்சியோட. நாப்பத்தேழுங்கிற நம்பரே இனி இருக்காது. நான் பதறல. ஏன்னா உத்தரவுல ஒரு வரி இருந்துச்சு: "மேற்படி கிராமத்தில் குடியிருப்பவர்களில் ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது தினங்களுக்குள் தெரிவிக்கலாம்." குடியிருக்கிற ஆளு ஒருத்தன் ஆட்சேபிச்சாலும் விசாரணை வைக்கணும். ஒருத்தன் போதும். அந்த ஒருத்தன் யாரு? உங்க முன்னாடி உக்காந்திருக்கேன்ல!

ஆனா முறைப்படி ஊருக்கு அறிவிக்கணும். முன்னாடியா இருந்தா தண்டோரா. இப்ப ஆளை வச்சுப் பறையடிச்சு அறிவிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாக, நல்லதுதான். கையில புடிக்கிற மெகாபோன் ஒண்ணு குடுத்தாக. அதுல ஒரு பட்டன் இருக்கு, அழுத்துனா ஆம்புலன்சு மாதிரி கத்தும். காலையில எட்டு மணிக்கு ஆரம்பிச்சேன். கோயில் முன்னாடி, கம்மாய்க்கரை, பழைய பள்ளிக்கூடம், முச்சந்தி. நாலு எடத்துலயும் படிக்கணும்னு எழுதியிருந்துச்சு. "இதனால் கருக்கனேந்தல் கிராமப் பொதுமக்களுக்குத் தெரிவிப்பது என்னவென்றால்..."னு ஆரம்பிச்சு ஒரு எழுத்து விடாமப் படிச்சேன். படிச்சு முடிச்சு, "ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போதும் தெரிவிக்கலாம்"னு சொல்லி அஞ்சு நிமிசம் நிக்கணும். நின்னேன்.

நாலு எடத்துலயும் நின்னேன் தாயி. கைக்கடியாரத்தைப் பாத்து அஞ்சஞ்சு நிமிசம். முச்சந்தியில நிக்கிறப்ப மட்டும் என்னமோ மாதிரி ஆகிப் போச்சு. என் குரலு அங்கிட்டு செவத்துல பட்டுத் திரும்பி வந்துச்சு பாருங்க, யாரோ பேசுறாகன்னு திரும்பிப் பாத்துட்டேன். வெக்கமாப் போச்சு. பட்டனை அழுத்தி ஆம்புலன்சை ஒரு தடவை கத்த விட்டேன். அப்புறம் வீட்டுக்கு வந்து என் ஆட்சேபணைய எழுதினேன். மூணு பக்கம்.

மனுவுல என் ஒத்தக் கையெழுத்து மட்டும் இருந்தா எடுப்பா இருக்காதேன்னு, வேலாங்குறிச்சிக்குப் போயி பழைய ஊருக்காரனுகளப் பாத்தேன். மத்த பதினாறு வீட்டுலயும் ஒருத்தனும் போடல. "நாங்க இப்ப வேலாங்குறிச்சிங்கண்ணே"ங்கிறான். கடைசியா இருளாயி வீட்டுக்குப் போனேன். ரேசன் கடைக்கு எதுத்தாப்புல, பச்சைக் கதவு. நல்லது கெட்டதுல பாத்துக்குவோம், மக கல்யாணத்தைக் கூட சேந்து நின்னுதான் முடிச்சோம். மக திருப்பூர்ல இருக்கா. ஆனா அந்த வீட்டு வாசலுக்கு நான் போனது அதுதான் மொதத் தடவை. கல்யாணம் மண்டபத்துல நடந்துச்சு.

வாசல்ல ஒரு சோடி ஆம்பளச் செருப்பு கெடந்துச்சு. எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. குனிஞ்சு பாத்தா, என் செருப்பு! வார் அந்து போச்சுன்னு நான் தூக்கிப் போட்ட பழைய டயர்ச் செருப்பு. வண்டியில ஏத்துன சாமானோட அதையும் எடுத்துட்டுப் போயிருக்கா. வாரைத் தச்சு வச்சிருக்கா. ஒத்தையில இருக்குற பொம்பளைக வாசல்ல ஆம்பளச் செருப்புப் போட்டு வைக்கிறது எங்க பக்கத்து வழக்கம், உள்ள ஆளு இருக்குன்னு தெரியட்டும்னு. பாதுகாப்புக்குத்தான் போட்டிருக்கா. ஆனா ஒரு பொட்டுத் தூசி இல்ல தாயி. பதினோரு வருசமாத் தெருவுல கெடக்குற செருப்பு. தெனம் தொடப்பா போல. சுத்தக்காரி, அவ எப்பவுமே அப்படித்தான்.

"உள்ள வாங்க"ன்னா. நான் டூட்டியில இருக்கேன்னேன். "டூட்டியில இருக்குறவுக சோறு திங்க மாட்டாகளா?"ன்னா. நான் வாசல்ல நின்னுக்கிட்டே மனுவ நீட்டுனேன். அவ முழுசாப் படிச்சா. "ஊரு சேந்துட்டா நல்லதுதானே. ஒங்க ரூலும் இங்கிட்டு வந்துரும்ல"ன்னா. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். முப்பத்தோரு வருசமா நான் கட்டிக் காத்த ஊரு, அது அழிஞ்சா நல்லதுங்கிறா. அப்பவே உசாராகியிருக்கணும். ஆனா கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா. நானும் ஏமாந்துட்டேன்.

சித்திரையில விசாரணை. தாலுகா ஆபீசுல ஆர்.டி.ஓ. உக்காந்திருந்தாரு. வயசு சின்ன வயசு, மரியாதையான ஆளு. எங்க வீ.ஏ.ஓ. அருள்செல்வி பக்கத்துல. கையெழுத்துப் போட்டவள்ங்கிறதுனால இருளாயிக்கும் நோட்டீசு போயி, அவளும் வந்திருந்தா. கல்யாணத்துக்கு வர்ற மாதிரி நல்ல சேலை கட்டியிருந்தா. தாலுகா ஆபீசுக்கு எதுக்கு அப்படியொரு சேலைன்னு எனக்கு வெளங்கல.

ஆர்.டி.ஓ. கேட்டாரு. அதே உங்க கேள்விதான். "அங்க மனுசங்களே இல்லையே பூவலிங்கம், அப்புறம் எப்படிங்க அது கிராமம்?" நான் சொன்னேன், "ஐயா, நான் இருக்கேன்." அவரு பைலைத் திருப்புனாரு. அருள்செல்வியப் பாத்தாரு. அந்தப் புள்ள மெதுவாச் சொன்னா, "அண்ணே, உங்க கார்டு வேலாங்குறிச்சில இருக்கு. ஓட்டும் அங்கதான். விசாரணை ரிப்போர்ட்டு நீங்களே எழுதியிருக்கீங்க." காயிதத்தை என் பக்கம் திருப்புனா. "மேற்படி மூன்று நபர்களும் குடியிருப்பது உண்மை." என் கையெழுத்து. என்னோட 'பூ' எப்பவுமே கொஞ்சம் சாஞ்சிருக்கும், அப்படியே சாஞ்சிருக்கு.

"ஐயா, அது அரிசிக்காக..."ன்னேன். ஆர்.டி.ஓ. சொன்னாரு, "நீங்க நேர்ல அங்க இருக்கலாம். காயிதத்துல இல்லையே."

அது என் வார்த்தை தாயி. எழுத்துக்கு எழுத்து என் வார்த்தை. எனக்கு அந்த நிமிசத்துல ஆபீசு ஞாபகமே இல்ல, கோட்டைச்சாமி என்னையப் பாத்துக்கிட்டு நின்னாரே, அதுதான் ஞாபகம் வந்துச்சு.

ஆனா அந்த ஆபீசரு நல்ல மனுசன்னு சொன்னேன்ல. ஒரு வழி விட்டாரு. "உங்க வீட்டம்மா இங்கதான் இருக்காங்க. இவரு எங்கூட இல்ல, தனியா கருக்கனேந்தல்லதான் இருக்காருன்னு அவங்க ஒரு வாக்குமூலம் குடுத்தா, நான் நேர்ல வந்து பாத்துட்டு முடிவு பண்றேன்"னாரு. அம்புட்டுத்தான் வேணும். ஒரு வாக்குமூலம். அதுவும் பொய்யில்ல, நெசம். பதினோரு வருசமா ஊரே பாத்த நெசம்.

"சொல்லுங்கம்மா. இவரு எங்க குடியிருக்காரு?"ன்னாரு.

இருளாயி என்னையப் பாத்தா. நான் சொல்லு சொல்லுன்னு கண்ணைக் காட்டுறேன். அவ தலைய நிமித்தி ஆர்.டி.ஓ.வப் பாத்து, "எங்க வீட்டுலதான் சார் இருக்காக"ன்னா.

ஆர்.டி.ஓ. மறுபடியும் கேட்டாரு. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க"ன்னாரு. அவ சொன்னா, "இதுல யோசிக்க என்ன சார் இருக்கு? வேணும்னா வந்து பாருங்க, அவுக செருப்பு வாசல்ல கெடக்கு."

முடிஞ்சு போச்சு. எழுதிட்டாரு. ஆனியில உத்தரவு வந்துச்சு, நாப்பத்தேழு இல்ல. ஜமாபந்தியில நாப்பத்தாறுக்கு அப்புறம் நாப்பத்தெட்டக் கூப்புட்டாக. நான் என்னைய அறியாம எந்திரிச்சு நின்னுட்டேன். பக்கத்துல இருந்தவன் சட்டையப் புடிச்சு உக்கார வச்சான்.

அரசாங்கத்துக்கு முன்னாடி பொய் சொல்லிட்டா தாயி! முப்பத்தோரு வருச சர்வீசுல நான் ஒரு பொய் எழுதினதில்ல. அரிசிக்கு எழுதினதை விடுங்க, அது அரிசி. இவ எதுக்கு சொன்னா? நாலு பேரு முன்னாடி, புருசன் தனியா இருக்கான்னு சொல்ல கூச்சப்பட்டிருப்பாளோ? இல்ல, என்னைய அசிங்கப்படுத்தணும்னா? நானும் இத்தனை மாசமா யோசிச்சுப் பாத்துட்டேன். பிடிபடல.

வெளிய வந்து வேப்பமரத்தடியில நின்னோம். நான் கத்துனேன். என்ன கத்துனேன்னு ஞாபகம் இல்ல. அவ எல்லாத்தையும் கேட்டுட்டு, முந்தானையால மூஞ்சியத் தொடச்சுட்டுச் சொன்னா, "நான் சொன்னது பொய்யின்னா அதை நெசமாக்குறது ஒங்க பாடு. தீவாளி வரைக்கும் அந்தச் செருப்பு வாசல்ல கெடக்கும். அதுக்கு மேல நான் எடுத்துருவேன். எனக்கும் தொடச்சுத் தொடச்சுக் கை ஓஞ்சு போச்சு." பஸ்ஸு ஏறிப் போயிட்டா. பக்கத்து சீட்டு காலியா இருந்துச்சு. நான் அடுத்த பஸ்ஸுல வந்தேன்.

தீவாளி எப்ப முடிஞ்சுச்சு? போன மாசம். ஆமா, எனக்குத் தெரியும், தேதி தெரியாமயா தலையாரி வேலை பாக்குறேன்.

நீங்க கேக்க வர்றது புரியுது. இப்ப என் ஆபீசே வேலாங்குறிச்சிதான். ரூல்படி நான் அங்கதான் குடியிருக்கணும். தெனம் போறேன். ஆனா ரேசன் கடைத் தெரு வழியாப் போறதில்ல. மேலத்தெரு, பள்ளிக்கூடம், கம்மாய்க்கரைன்னு சுத்திப் போயிருவேன். வேலை முடிஞ்சதும் இங்கிட்டு வந்துருவேன். இல்லாத ஊருக்குத்தான் வர்றேன், அதுவும் தெரியும். அங்க போயி நான் எப்படி தாயி கதவத் தட்டுவேன்? காயிதப்படி பதினோரு வருசமா நான் அந்த வீட்டுலதான் இருக்கேன். வீட்டுல இருக்குறவன் கதவத் தட்டுவானா? தட்டுனா அவ யாருன்னு கேப்பா. என்ன பதில் சொல்றது?

அது கெடக்கட்டும். டீக்கடையில உங்க அப்பாவப் பத்திச் சொன்னீகள்ல, அதை மட்டும் இன்னொருக்கா சொல்லுங்க. மலை மேல பதினோரு வீட்டு ஊரு. அப்பாதான் அதுக்குப் பொறுப்பு. இணைச்சதும் முத்திரை பக்கத்து ஊருக்குப் போயிருச்சு, சனமும் எறங்கிப் போயிருச்சு. ஆனா கம்பத்துல கட்டுன ஒலிபெருக்கிய எடுக்க யாரும் வரல. அப்பா இன்னும் காலையில ஏழு மணிக்கு அதுல பேசுறாரு. இன்னைக்கு மழை வரும், கோழிய அடைங்கன்னு. சரிதானே? நான் அப்ப உங்ககிட்ட கேட்டேன், கேக்க யாரு இருக்கான்னு. நீங்க சிரிச்சுக்கிட்டே, "அம்மா கேட்பார்"னு சொன்னீக.

அதுக்கப்புறம் ஊருக்கு வர்ற வரைக்கும் நான் பேசல. கவனிச்சீகளா? தொண்டையில டீ நிக்கிதுன்னு சொன்னேன். டீ ஒண்ணும் நிக்கல.

பயமா இருக்கு தாயி. இந்த ஊருல பாம்புக்குப் பயப்பட்டதில்ல, பேய்க்குப் பயப்பட்டதில்ல. அந்த வாசலை நெனச்சாப் பயமா இருக்கு. அவ செருப்பை எடுத்திருந்தான்னா?

அந்தா, புழுதி தெரியுது பாருங்க, வந்துட்டான். பைய எடுத்துக்கங்க. குடைய மடக்கிக்கங்க. ஒரு உதவி செய்வீகளா? இது அரசாங்க வேலை இல்ல. பஸ்ஸு வேலாங்குறிச்சி வழியாத்தான் போகும். ரேசன் கடை முக்குல ரெண்டு நிமிசம் நிப்பான். எடது கைப் பக்கம் சன்னல்ல உக்காருங்க. பச்சைக் கதவு. எறங்க வேணாம், கூப்புட வேணாம், ஒண்ணும் கேக்க வேணாம். வாசலை மட்டும் பாருங்க. டயர்ச் செருப்பு, வாரைக் கறுப்பு நூலு போட்டுத் தச்சிருக்கும்.

இருந்துச்சுன்னா எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க. இல்லைன்னா வேணாம்.

நான் இங்கனதான் இருப்பேன். அடுத்த பஸ்ஸு அஞ்சே காலுக்கு.